தரம் தேடிய ஊர்கள் – 9: அல்சூர் சாலையில் ஐந்தாம் நிலை

சென்ற வாரம் மகலனோபிஸின் கல்கத்தாவில், புள்ளியியல் கழகத்தில் இருந்தோம். இந்த வாரம் பெங்களூர் சிவாஜிநகர். ரஸல் மார்க்கெட்டின் இரைச்சலைவிட்டு, கமர்ஷியல் தெருவையும் டிக்கன்ஸன் சாலையையும் தாண்டிக் கிழக்கே போனால் அல்சூர் சாலை. அங்கே இயங்கிய மோட்டரோலா இந்தியா எலெக்ட்ரானிக்ஸ் 1991-ல் தொடங்கியது. 1993-லேயே மென்பொருள் உலகின் மிக உயர்ந்த தர மதிப்பீடான சிஎம்எம் ஐந்தாம் நிலையை எட்டிவிட்டது. அதற்கு முன் அந்த நிலையில் இருந்தது, நாசாவின் விண்வெளி ஓடத்துக்கு மென்பொருள் எழுதிய ஐபிஎம் குழு மட்டுமே.

அமெரிக்காவின் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் வாட்ஸ் ஹம்ஃப்ரி வகுத்த அளவுகோல் அது. முதல் நிலையில் வேலை தனி ஆளின் திறமையை நம்பி ஓடும். இரண்டில் திட்டமிடல் வரும். மூன்றில் நிறுவனம் முழுவதற்கும் ஒரே செய்முறை. நான்கில் எல்லாவற்றுக்கும் அளவு. ஐந்தில், பிழை பிறந்த காரணத்தைத் தேடிப் பிடித்து, அது மறுபடி தலைதூக்காதபடி செய்முறையையே திருத்துவார்கள்.

தாய் நிறுவனத்துக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. ஜப்பானியப் போட்டியில் அடிபட்ட மோட்டரோலாவில், 1986-ல் பில் ஸ்மித் என்ற பொறியாளர் சிக்ஸ் சிக்மா என்ற தர முறையை உருவாக்கினார். பத்து லட்சம் வாய்ப்புகளில் 3.4 பிழைக்கு மேல் கூடாது என்பது அதன் இலக்கு.

அல்சூர் சாலையில் ஒருவர் எழுதிய நிரலைச் சக பொறியாளர்கள் வரிவரியாகப் படிப்பார்கள். பிழை எந்தக் கட்டத்தில் நுழைந்தது, எந்தக் கட்டத்தில் அகப்பட்டது என்று பதிவாகும். யார் செய்தார் என்று துருவினால் அடுத்த பிழையை மறைப்பார்கள். ஏன் நேர்ந்தது என்று கேட்டால் தாங்களே கொண்டுவந்து காட்டுவார்கள். இந்த முறையின் உயிர்நாடி அந்த நம்பிக்கைதான்.

குறைந்த கூலிக்காகத்தான் இந்தியாவுக்கு வேலை வருகிறது என்று உலகம் பேசிய காலம் அது. அந்தப் பேச்சுக்கு அல்சூர் சாலை வேலையாலேயே பதில் சொன்னது. மற்ற இந்திய நிறுவனங்களும் அதே வழியில் வந்தன: மென்பொருள் நிறுவனமான விப்ரோ 1997-ல் சிக்ஸ் சிக்மாவைக் கையில் எடுத்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உலகின் ஐந்தாம் நிலை நிறுவனங்களில் பெரும்பங்கு இந்தியாவில் இருந்தது. 2000-ல் சென்னையில் ஹம்ஃப்ரியின் பெயராலேயே ஒரு மென்பொருள் தர நிறுவனம் எழுந்தது. ஆனால் பிழையை ஒளிக்காமல் எழுதிவைக்கும் துணிவு இல்லாத நிறுவனத்துக்கு எந்தச் சான்றிதழும் வெறும் காகிதமே.

(அடுத்த வாரம்: பாடி சுந்தரம் கிளேட்டன் தொழிற்சாலைக்கு 1998-ல் டெமிங் பரிசு வந்த கதை)