துட்டு பிறந்த ஊர்

'கையில துட்டு இல்லப்பா!' என்று இதுவரை ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பீர்கள். அந்தத் 'துட்டு' எந்த ஊர்க்காரர் என்று ஒரு தடவையாவது யோசித்ததுண்டா?

ஹாலந்து! டச்சுக்காரர்கள் புழங்கிய சின்னஞ்சிறு செப்புக்காசின் பெயர் 'டுய்ட்'. நூற்று அறுபது டுய்ட் சேர்ந்தால்தான் ஒரு கில்டர். அதுதான் நம் நாக்கில் புரண்டு துட்டு ஆகிவிட்டது என்கிறது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். அவர்கள் விட்டுப்போன இன்னொரு வார்த்தை கக்கூஸ். சாப்பிடும்போது இதைப் படிக்கிறவர்கள் மன்னிக்க!

துட்டு கொண்டுவந்தவர்கள் வீடு கட்டிக் குடியிருந்த ஊர் சென்னையிலிருந்து அறுபது கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. பழவேற்காடு. ஒரே நாளில் போய்விட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். கோட்டை, பறவை, பாட்டு என்று மூன்று ஐட்டம். வருகிறீர்களா? காலை ஐந்தரைக்கு வண்டி கிளம்பும். லேட்டாக வந்தால் விட்டுவிட்டுப் போய்விடுவேன்.

மீஞ்சூர், பொன்னேரி தாண்டியதும் காற்றில் உப்பு வாசனை. ஏழு மணிக்கெல்லாம் பழவேற்காடு. இறங்கியவுடன் நீங்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி: "எங்கே சார் கோட்டை?"

உங்கள் எதிரில்தான் இருக்கிறது. முள்புதர் மண்டிய மேடு தெரிகிறதா? அதைச் சுற்றி அகழி மாதிரி ஒரு பள்ளம் தெரிகிறதா? அதேதான். கெல்ட்ரியா கோட்டை! ராஜஸ்தான் கோட்டை மாதிரி எதிர்பார்த்து வந்திருந்தால் நான் பொறுப்பல்ல. ஆனால், ஒரு காலத்தில் இந்த முள்காட்டிலிருந்துதான் சோழமண்டலக் கடற்கரை முழுக்க இருந்த டச்சு வியாபாரம் ஆளப்பட்டது.

கதை 1602-ல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்குகிறது. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்த வருஷம் அது. பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இதில் தனி ஈடுபாடு உண்டு. பொதுமக்களிடம் பங்கு விற்று முதல் திரட்டி, அந்தப் பங்குகளை மார்க்கெட்டில் கைமாற்றவும் வழிசெய்த முதல் பெரிய கம்பெனி இதுதான். ஆம்ஸ்டர்டாமில் இருந்த சாதாரண ஆட்கள்கூடப் பங்கு வாங்கினார்கள். எல்லோருக்கும் கனவு ஒன்றுதான்... ஜாதிக்காய், கிராம்பு, லாபம்!

ஜாதிக்காயும் கிராம்பும் விளைந்தது இந்தோனேஷியத் தீவுகளில். சரி, அங்கே போய் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். தீவுக்காரர்கள் 'ஐரோப்பியச் சரக்கு எங்களுக்கு எதற்கு? சோழமண்டலத் துணி கொண்டு வா' என்றார்கள். நம் நெசவாளர் நெய்த துணிக்கு அவ்வளவு மவுசு! துணி இல்லாவிட்டால் வாசனைத் திரவிய வியாபாரமே படுத்துவிடும் என்று கம்பெனி அதிகாரிகள் அப்போதே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆக, முதலில் துணி வேண்டும். 1610-ல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி வாங்கிப் பழவேற்காட்டில் கடைவிரித்தார்கள். சாந்தோமில் இருந்த போர்த்துக்கீசியர்களுக்கு வயிறு எரியாதா? 1612-ல் படையோடு வந்து அடித்து நொறுக்கிவிட்டுப் போனார்கள். டச்சுக்காரர்கள் சுதாரித்து 1613-ல் எழுப்பியதுதான் இந்தக் கோட்டை. அப்போதைய டச்சுத் தலைவர் வெம்மர் வான் பெர்க்கெமின் சொந்த மாகாணம் கெல்டர்லாந்து. அதனால் கோட்டைக்குக் கெல்ட்ரியா என்று பெயர். நம்மூர் ஆள் துபாயில் கடை போட்டு 'தஞ்சாவூர் மெஸ்' என்று பெயர் வைப்பதில்லையா... அதே ஊர்ப்பாசம்தான்!

கோட்டையில் நாணயச்சாலை வந்தது. வெடிமருந்து ஆலையும் வந்தது. 1690-ல் தலைமையகம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை பழவேற்காடுதான் சோழமண்டலத்தின் டச்சுத் தலைநகரம். இங்கிருந்து போன துணியின் பெயர் இன்னும் சாகவில்லை. மலேசியாவில் போய்ப் பாருங்கள், லுங்கிக்கு 'கைன் பெலிகாட்' என்பார்கள். நம் கடைகளில் 'பாளையக்காட் கைலி' என்று விற்கிறதே, அதுவும் இந்த ஊரின் பெயர்தான். கைலி நெய்கிற தறிகள் இப்போது குடியாத்தம், குறிஞ்சிப்பாடி என்று வேறு ஊர்களில் ஓடுகின்றன.

அடுத்த ஸ்டாப், டச்சுக் கல்லறைத் தோட்டம். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. நுழைவாசலில் இரண்டு பேர் உங்களை வரவேற்பார்கள். பயப்படாதீர்கள்... கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள்! 'இன்று நான், நாளை நீ' என்று வாயைத் திறக்காமலே சொல்கிற மாதிரி நிற்கின்றன. உள்ளே வியாபாரிகள், அதிகாரிகள், அவர்களின் மனைவிகள், குழந்தைகள். பெயர், தேதி, குடும்பச் சின்னம் எல்லாம் கல்லில் அச்சடித்த மாதிரி இருக்கிறது.

கல்லறையே இல்லாத இன்னொரு கூட்டமும் இந்த ஊரிலிருந்து கப்பல் ஏறியது. அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் உங்களை இங்கே அழைத்துவந்தேன்.

ஜாதிக்காய் விளைந்த பாண்டா தீவுகளை 1621-ல் டச்சுக்காரர்கள் ரத்தத்தில் குளிப்பாட்டினார்கள். சுமார் பதினைந்தாயிரம் பேர் வாழ்ந்த தீவுகளில் ஆயிரம் பேர் அளவுக்குத்தான் மிஞ்சினார்கள் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். தோட்டம் இருக்கிறது, வேலை செய்ய ஆள் இல்லை. பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) புது நகரம் கட்டுகிறார்கள், அதற்கும் ஆள் இல்லை. கம்பெனி என்ன செய்யும்? எங்கே மலிவாகக் கிடைக்கிறதோ அங்கே கொள்முதல் செய்யும்!

மனிதர்கள் மலிவாகக் கிடைத்த இடங்களில் ஒன்று, நம் கடற்கரை. சும்மா கிடைக்கவில்லை. போரும் பஞ்சமும் வரும்போதெல்லாம் விலை இறங்கியது. 1620-களில் ஒரு அலை, 1640-களில் ஒரு அலை, 1659 முதல் 1661 வரை ஒரு பெரிய அலை. கடைசி அலையின்போது தஞ்சாவூர்ச் சீமை பீஜப்பூர்ப் படைகளால் சூறையாடப்பட்டுப் பட்டினியில் கிடந்தது. ஒரு கைப்பிடி அரிசிக்காகத் தன்னையே விற்றவர்கள் உண்டு, பெற்ற பிள்ளையை விற்றவர்கள் உண்டு. அந்த மூன்று வருஷத்தில் மட்டும் எட்டாயிரம் முதல் பத்தாயிரம் பேர்வரை டச்சுக் கப்பல்களில் ஏற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். இலங்கைக்கு, பத்தேவியாவுக்கு, மலாக்காவுக்கு...

கம்பெனிக் கணக்குகளில் துணியும் சரக்கு, மனிதனும் சரக்கு. கணக்குப் படித்த எனக்கு இந்த இடத்தில்தான் உறுத்துகிறது. வரவும் செலவும் பைசா பிசகாமல் டாலி ஆகியிருக்கும். பேலன்ஸ் ஷீட் டாலி ஆகிவிட்டால் நியாயமும் டாலி ஆகிவிட்டதாக அர்த்தமா?

கம்பெனியின் முடிவையும் கேளுங்கள். 1781-லும் 1795-லும் பிரிட்டிஷார் பழவேற்காட்டைப் பிடித்தார்கள். 1799-ன் கடைசி நாளோடு கம்பெனியின் சாசனம் காலாவதி. உலகத்தின் மிகப் பெரிய கம்பெனி, மூழ்குமளவு கடனோடு திவால்! 1806 வாக்கில் பிரிட்டிஷார் கோட்டையைத் தகர்த்தார்கள். 1824-ல் போட்ட ஒப்பந்தப்படி அடுத்த வருஷமே ஊர் நிரந்தரமாக அவர்கள் கைக்குப் போய்விட்டது.

சரி, எலும்புக்கூடுகளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கரைக்கு வாருங்கள். கோட்டைப் பக்கத்து மீனவர் ஊரின் பெயரே கோட்டைக்குப்பம். கோட்டை போய்விட்டது, குப்பம் இருக்கிறது! எப்படி?

இந்த ஏரியில் இறால் படும் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். முந்தினவனுக்கு முதலிடம் என்று விட்டால் தினமும் வெட்டுக்குத்துதான். அதற்கு இவர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் ஏற்பாட்டின் பெயர் 'பாடு'. கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் வலைபோடும் இடங்களைப் பிரித்துச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்று உனக்கு நல்ல இடம் என்றால் நாளை எனக்கு. இன்று எனக்கு மட்டமான இடம் என்றால் நாளை உனக்கு. பீரங்கியும் இல்லை, பங்கு மார்க்கெட்டும் இல்லை!

உடனே இதைச் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். பாடு உரிமை உள்ள ஊர் உண்டு, இல்லாத ஊர் உண்டு. இதற்காகச் சண்டைகள் நடந்து விவகாரம் கோர்ட் வரை போயிருக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களுக்குச் சீட்டில் பெயர் கிடையாது. குறைகள் உண்டு. ஆனால், 'எல்லாம் எனக்கே' என்று இது தொடங்கவில்லை. அதுதான் வித்தியாசம்.

பாட்டு எங்கே என்கிறீர்களா? கடல் பக்கம் வாருங்கள். கரைவலையின் இரண்டு நுனிகளையும் இரண்டு கூட்டம் பிடித்து இழுக்கும்போது பாடுவதுதான் அம்பாப் பாட்டு. ஒருவர் அடி எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்கிப் பாடி, அந்த மூச்சிலேயே கயிற்றை ஓர் இழுப்பு இழுப்பார்கள். சாமி, மாமியார், சம்மாட்டி, கடன்காரன்... யாரை வேண்டுமானாலும் நடுவில் இழுத்துவிடலாம். அழகுக்காகப் பாடுவதில்லை. இருபது பேரின் கை ஒரே நொடியில் இழுத்தால்தான் வலை நகரும். அந்த நொடியைக் காட்டுகிற கடிகாரம்தான் பாட்டு.

கரையில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம், "ஐயா, ரெண்டு அடி பாடுங்களேன்" என்றேன். சிரித்தார். "சும்மா ஒக்காந்துகினு எப்டி தம்பி பாட்டு வரும்? கைல கயிறு இருந்தாத்தான் வரும். இப்பதான் மோட்டார் வந்துடுச்சே... அது பாடுது, நாங்க கேக்கறோம்" என்றார்.

மணி பதினொன்று. ஏரியில் படகுச் சவாரி ஆசை வேண்டாம். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் பலியான தண்ணீர் இது. வண்டியை எடுங்கள். பொன்னேரி வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்து, தடா தாண்டி ஆந்திராவின் சூலூர்ப்பேட்டை. அங்கிருந்து கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியை நடுவாகக் கிழித்துக்கொண்டு போகிறது. பனிக்காலமாக இருந்தால் இரண்டு பக்கமும் பாருங்கள்...

ரோஜா நிறத்தில் ஒரு கோடு. பூநாரைகள்! தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்றில் விட்டுத் தண்ணீரை அரித்துச் சாப்பிடுகின்றன. அந்தச் சாப்பாட்டில் இருக்கும் நிறமிதான் இறகுக்கு ரோஜா நிறம் தருகிறது. பின்னணியில் ராக்கெட் தளம். சூலூர்ப்பேட்டைக்குச் சுமார் இருபது கிலோமீட்டர் வடக்கே நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் தண்ணீரில் நிற்கும் கடம்ப மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. எந்த மன்னனிடமும் அனுமதி வாங்காமல் வருஷா வருஷம் வந்துவிட்டுப் போகிற விருந்தாளிகள்!

ஏரியின் வடகோடிப் பக்கம் துர்க்கராஜபட்டினம் என்று ஓர் ஊர். பழவேற்காட்டில் டச்சுக்காரர்களோடு குப்பை கொட்ட முடியாத ஆங்கிலேயர்கள் 1626-ல் அங்கே கடை போட்டார்கள். அவர்கள் வைத்த பெயர் ஆர்மகான். துணி வியாபாரம் சுகப்படவில்லை. 'தெற்கே வேறு இடம் பார்க்கலாம்' என்று கிளம்பிய ஆர்மகான் அதிகாரியின் பெயர் பிரான்சிஸ் டே. 1639-ல் அவர் பிடித்த இடம்தான் மதராசப்பட்டினம்! நாம் காலையில் கிளம்பி வந்த ஊர், இந்த ஏரிக்கரையில் ஒருவருக்கு வியாபாரம் படுத்ததால் பிறந்த ஊர்.

பொழுது சாய்கிறது, திரும்புவோம். வழிநெடுக ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யோசித்துக்கொண்டே வாருங்கள். இந்த ஏரி உயிரோடு இருப்பது, கடல்நீர் உள்ளே வந்துபோகும் முகத்துவாரம் திறந்திருப்பதால்தான். அது அடிக்கடி மணலில் அடைபட்டுப்போகிறது. அடைபட்டால் இறாலும் இல்லை, படகு கடலுக்குப் போகவும் வழியில்லை. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம் வந்தபோது, 'கரை அரிக்கும், ஏரி கெடும்' என்று மீனவர்கள் எதிர்த்து நின்றார்கள். துறைமுகம் வந்தால் வேலை வரும், வளர்ச்சி வரும் என்பவர்களும் இருக்கிறார்கள். கணக்குப் போடட்டும், தப்பில்லை. ஆனால், அந்தக் கணக்கில் யார் சரக்கு, யார் பங்குதாரர் என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். நானூறு வருஷம் முன்னால் கேட்காமல் விட்டதன் விலையைக் காலையில் பார்த்தோமே!

துட்டு கடல் தாண்டி வந்த வார்த்தை. பாடு நம் வார்த்தை. பாடு என்றால் பங்கு. பாடு என்றால் கஷ்டம். வலையில் விழும் மீனுக்குப் பெயரும் மீன்பாடு. வாயைத் திறந்து பாடினால் அதுவும் பாடு! துட்டுக்காகக் கட்டிய கோட்டை முள்புதரில் கிடக்கிறது. பாட்டைப் பங்குபோட்டுக்கொண்டவர்கள் நாளை விடியற்காலையிலும் வலையோடு ஏரியில் இறங்குவார்கள்.

வீடு வந்துவிட்டது. இறங்குங்கள். பெட்ரோலுக்கு உங்கள் பங்கு..? 'துட்டு இல்லை' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்!