ஏ9 வீதியில் வந்து இறங்கிய செடி

மாங்குளம் சந்தி நாலு திசைக்கும் வழி விடுகிறது. தெற்கே கனகராயன்குளம், புளியங்குளம், ஓமந்தை கடந்து வவுனியா. வடக்கே முறிகண்டி, கிளிநொச்சி, ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம். கிழக்கே ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு. மேற்கே துணுக்காய்ப் பக்கமாக வெள்ளாங்குளம். நெல்லோ, நோயோ, படையோ, வன்னிக்குள் புகுந்த எதுவும் இந்தச் சந்தியைத் தொடாமல் போனது அரிது. பார்த்தீனியம் என்ற களைச் செடியின் கதையைச் சொல்வதற்கும் இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஐப்பசி மழை விழுந்த சில நாளில் வீதியோரக் கிரவலில் அது முளைக்கும். கரட் இலை மாதிரிப் பிளவுபட்ட இலை முதலில் நிலத்தோடு ஒட்டி வட்டமாக விரியும். இந்த நிலையில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. பிறகு தண்டு எழும்பும், கிளை விடும், உச்சியெல்லாம் வெள்ளைப் பூவாகும். முளைத்து ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதம், அதற்குள் பூத்துவிடும். அந்தப் பூவைப் பிடுங்காமல் குனிந்து பாருங்கள். தலை ஒன்றுக்கு ஐந்து மூலை, மூலைக்கு ஒரு விதை. விதை கறுப்பு, தட்டை, 2 மில்லிமீற்றர்கூட வராது. அதன் இரு பக்கமும் மலட்டுப் பூ இரண்டு சருகுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரில் மிதக்கவும் காற்றில் சற்றுத் தூரம் போகவும் அது போதும். ஒரு செடியில் 15,000 முதல் 25,000 விதை இருக்கும். நல்ல ஈரத்தில் தழைத்த செடியென்றால் எண்ணிக்கை ஒரு இலட்சத்தையும் தொடும்.

இது மெக்சிக்கோ வளைகுடாவைச் சுற்றிய நிலத்துச் செடி, சூரியகாந்திக் குடும்பம். லின்னேயஸ் 1753 இல் அதற்குப் பெயர் வைத்தார். சொந்த ஊரில் அது பெரிய தொல்லையாக வளரவில்லை. இலையைத் தின்னும் வண்டு, தண்டைக் குடையும் அந்துப்பூச்சி, துரு நோய் உண்டாக்கும் பூஞ்சணம் என்று அதை அடக்கி வைக்க அங்கே ஆட்கள் உண்டு. ஊரை விட்டுப் புறப்பட்டபோது விதை மட்டும் வந்தது, எதிரிகள் வரவில்லை.

அது போன இடங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் குத்துகிறது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ரூகூலாவா என்ற ஊரில் 1955 இல் அது கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படை கொண்டுவந்த விமான, இயந்திர உதிரிகளோடு வந்ததாகக் கருதுகிறார்கள். அதே 1955 இல் இந்தியாவில் பூனாவில் பரவக் கண்டார்கள். பஞ்சம் தீர்க்க வந்த அமெரிக்கக் கோதுமையோடு வந்தது என்பது பரவலான கருத்து. வனவியலர் டீட்ரிச் பிராண்டிஸ் 1880 இலேயே இந்தியாவில் சேகரித்த மாதிரி ஒன்று இருப்பதால் முதல் வருகை இன்னும் முந்தியதாக இருக்கலாம், ஆனால் பெருக்கம் கோதுமைக் காலத்தோடுதான். எத்தியோப்பியாவில் உணவு உதவி பங்கிட்ட நிலையங்களின் அருகில் அது தலைகாட்டியது. வவுனியாவுக்கு இந்திய அமைதி காக்கும் படையின் காலத்தில் வந்ததாகச் சொல்கிறார்கள். போர் நடந்த இடத்துக்கும் பசி வந்த இடத்துக்கும் பின்னாலேயே நடந்து வருகிற செடி இது. பாதிக்கப்பட்ட மண்ணில் மேலும் ஒரு பாதிப்பாக வந்து அமர்கிறது. அதனால்தான் இதை வெறும் களைப் பிரச்சினையாக என்னால் பார்க்க முடியவில்லை.

பூனாவில் அதை முதலில் கவனித்துக் கவலைப்பட்டவர்களில் விவசாயிகளோடு தோல் மருத்துவர்களும் இருந்தார்கள். 1960 களிலும் 70 களிலும் கண்ணிமை வீங்கி, கழுத்து மடிப்பும் முழங்கை மடிப்பும் தடித்துச் சிவந்து, நித்திரையின்றிச் சொறிந்தபடி ஆட்கள் வந்தார்கள். பெரும்பாலும் வெளியில் வேலை செய்கிறவர்கள். லோன்கர் என்ற மருத்துவர் இந்த நோயையும் செடியையும் முடிச்சுப் போட்டார். அவரும் கனடாவின் தோல் மருத்துவர் மிச்செலும் பிரித்தானியாவின் கால்னனும் 1974 இல் அதைப் பற்றி எழுதினார்கள். நோயாளியின் முதுகில் சந்தேகப்படும் பொருளைச் சிறு ஒட்டுத்துணியில் வைத்து 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பதுதான் சோதனை. சிவந்து தடித்தால் விடை வந்துவிட்டது.

ஆனால் செடியின் எந்தப் பகுதி, எந்தப் பொருள்? அதை மருத்துவரால் சொல்ல முடியாது. மிச்செலுக்கு வன்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் நீல் டவர்ஸ் என்ற தாவர வேதியியலர் துணை இருந்தார். இலையின் மேலுள்ள நுண்மயிர்களில் பார்த்தெனின் என்ற கசப்புப் பொருள் நிறைந்திருக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். மயிர் உடைந்து தூசாகிக் காற்றில் பறக்கும். செடியைத் தொடாமலே, அது நிற்கும் வழியால் நடந்து போகிறவனின் கண்ணிமை ஏன் வீங்குகிறது என்பதற்கு அப்போதுதான் விளக்கம் கிடைத்தது. தோல் மருத்துவரும் வேதியியலரும் ஒரே கட்டுரையில் பெயர் போட்ட அந்த வேலையை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒருவர் கண்டதை மற்றவர் முடித்து வைத்தார்.

சிகிச்சையும் வேறொரு துறையிலிருந்தே கடன் வந்தது. சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்தவர்களுக்குக் கொடுக்கும் அசதியோபிரின் என்ற மருந்தை டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தோல் மருத்துவர்கள் இந்த நோயாளிகளுக்குப் பயன்படுத்திப் பலன் கண்டார்கள்.

கேடு மனிதரோடு நிற்கவில்லை. பெங்களூரில் 1977 இல் கால்நடை ஆய்வாளர்கள் பசுவுக்கும் எருமைக்கும் தீவனத்தோடு இந்தச் செடியைக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். அளவு கூடியபோது மாடுகள் தோல் புண்ணாகி, குடல் புண்ணாகி இறந்தன. கொஞ்சமாகத் தின்ற மாட்டின் பால் கசக்கும். அதே கர்நாடகத்தில் தாவரவியலர் சுகதாவும் ஜயச்சந்திராவும் அதன் மகரந்தத்தை ஆராய்ந்தார்கள். அது பக்கத்துத் தோட்டத்துக் கத்தரி, மிளகாய், தக்காளிப் பூவின் சூல்முடியில் போய் விழுந்தால் காய் பிடிப்பது குறைகிறது. வேரும் அழுகும் இலையும் மண்ணில் விடும் பொருட்கள் பக்கத்து விதைகளின் முளைப்பைத் தடுக்கின்றன. வன்னியில் மிளகாய்க் கன்று நட்டவர்களுக்கு இதன் கனம் விளங்கும். பூ கொட்டுகிறது என்றதும் நோய் மருந்தும் பூச்சி மருந்தும் அடிக்கிறோம். வேலிக்கு அப்பால் நிற்கும் வெள்ளைப் பூவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

கென்யாவின் நைரோபியில் உள்ள பூச்சியியல் ஆய்வு நிலையத்தில் 2015 இல் இன்னொன்று கண்டார்கள். மலேரியா பரப்பும் நுளம்பு இந்தச் செடியின் சாற்றைக் குடித்து உயிர் வாழ்கிறது. மலேரியா இல்லாத நாடு என்று 2016 இல் சான்று பெற்ற இலங்கைக்கு அந்தச் செய்தி தேவையானது. நுளம்பு இன்னும் இங்கேதான் இருக்கிறது.

இனி வவுனியா. 1987 ஜூலையில் இந்தியப் படை வந்தது, 1990 மார்ச்சில் போனது. படைக்கு இறைச்சிக்காகக் கொண்டுவந்த ஆடுகளின் மயிரிலும் புழுக்கையிலும் விதை வந்தது என்பதே அதிகம் சொல்லப்படுகிற காரணம். இந்தியாவிலிருந்து வந்த பயிர் விதைகளோடு வந்தது என்போரும் உண்டு. செடி வவுனியாவில் இருப்பது அறிவியல் உலகில் பதிவானது 1999 இல். ஏறக்குறைய பத்து வருடம் அது ஆய்வாளர் கண்ணில் படாமல் விதை போட்டிருக்கிறது. தாவரவியலர் வந்து நடந்து பார்க்கக்கூடிய நிலமாக அப்போது வன்னி இருக்கவில்லை. அந்த 1999 இலேயே தாவரப் பாதுகாப்புச் சட்டம், இலக்கம் 35, நிறைவேறியது. பின்னர் அதன் கீழ் பார்த்தீனியம் தடைசெய்யப்பட்ட களையாக அறிவிக்கப்பட்டது. சட்டம் கொழும்பில் எழுதப்பட்டபோது செடி ஏ9 இல் இருந்தது. நடுவில் போர் முன்னரங்கு.

மாங்குளம் போரில் 1990 நவம்பரிலும் 2008 நவம்பரிலும் கை மாறியது. இடையிலும் பிறகும் சனம் எழும்பிப் போனது, வயல் தரிசானது, வரம்பு இடிந்தது, வீடு பற்றையானது. யாரும் கவனிக்காத தரிசு மண் இந்தச் செடிக்கு வசதியான இடம். 2009 க்குப் பின் வீதி போட்டார்கள், தண்டவாளம் போட்டார்கள், கிரவல் ஏற்றிய லொறிகளும் மண் தள்ளும் இயந்திரங்களும் வன்னி முழுக்க ஓடின. சில்லின் பள்ளத்தில் ஒட்டிய ஒரு பிடி சேறு போதும். அறுவடைக் காலத்தில் வெளி மாவட்டத்து மிசின்கள் வயலுக்கு வயல் போகின்றன. முறிகண்டிப் பிள்ளையாரடியில் எந்த வாகனமும் நிற்காமல் போவதில்லை. இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, ஏறிப் போவார்கள். சில்லில் வந்தது அங்கே உதிரும், அங்கே கிடந்தது சில்லில் ஏறும். விதைக்கு அதைவிட நல்ல தங்குமிடம் யார் அமைத்துக் கொடுக்க முடியும்?

செடியைத் தின்னும் வண்டை இங்கேயும் விட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வழியும் நீண்டது. மெக்சிக்கோவின் சைக்கோகிராமா என்ற வண்டைப் பெங்களூரின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜயந்த் என்ற பூச்சியியலர் பரிசோதித்து 1984 இல் வெளியே விட்டார். சில ஆண்டுகளில் அது பெருகி, செடியை மொட்டையாக்கியது. பிறகு சூரியகாந்தி வயலில் அந்த வண்டு கடிப்பதாகக் குரல் எழும்பியது. பெரிய சர்ச்சை, அரசு குழு அமைத்தது. ஆய்ந்து பார்த்ததில், பார்த்தீனியத்தின் மகரந்தம் காற்றில் வந்து படிந்த சூரியகாந்தி இலைகளை வண்டு சுரண்டியது தெரிந்தது. பிரச்சினையின் மூலமும் களைதான். குயின்ஸ்லாந்தில் அதே வண்டை 1980 இலிருந்து விட்டும், அது கண்ணில் படும் அளவுக்குப் பெருகப் பத்து வருடம் எடுத்தது. அங்கே ஒன்பது பூச்சிகளும் இரண்டு துருப் பூஞ்சணங்களும் விடப்பட்டன. அவை உண்மையில் எவ்வளவு செடியைக் குறைக்கின்றன என்பதை நிலத்தில் பல ஆண்டுகள் அளந்தவர்களில் ஒருவர் குஞ்சிதபாதம் திலீபன். மழை பிந்தினால் பூச்சியும் பிந்தும், செடி முந்திவிடும் என்பது அந்த அளவைகள் சொன்ன பாடம். வன்னியில் மழை ஐப்பசியில் தொடங்கித் தையில் ஓய்கிறது. மழைக் காலம் வேறாக உள்ள பெங்களூரின் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து போட முடியாது.

வட மாகாண சபையின் விவசாய அமைச்சராக இருந்த பொ. ஐங்கரநேசன் 2014 அளவில் பார்த்தீனிய ஒழிப்பை ஒரு மக்கள் இயக்கமாக்க முயன்றார். பள்ளிக்கூடங்களும் சங்கங்களும் சேர்ந்தன. அந்த முயற்சியை நான் மதிக்கிறேன். என் மனக்குறை வேறு. இன்றும் நம் சிரமதானங்கள் பூ வெள்ளையாகத் தெரிந்த பிறகே கூடுகின்றன. அதற்குள் விதை முற்றிவிடும். பிடுங்கிய செடியை உழவு இயந்திரப் பெட்டியில் போட்டு ஊர் நடுவால் கொண்டுபோனால் அது விதைப்பு. கையுறையின்றிப் பிடுங்க நிற்கும் பிள்ளைகளுக்கு அது தோல் நோய். மண்ணுக்குள் புதைந்த விதையில் பெரும்பகுதி இரண்டு வருடம் கழித்தும் உயிரோடிருக்கிறது என்று குயின்ஸ்லாந்து ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு மாரியில் ஒரு நாள் கூடிப் பிடுங்கினால் தீரும் கணக்கல்ல இது.

பிடுங்க வேண்டியது இலை வட்டமாக நிலத்தோடு கிடக்கும்போது. அதாவது முதல் மழைக்குப் பின் மூன்று நாலு கிழமைக்குள். அந்த நேரத்தில் காலபோக வேலையில் எல்லோரும் வயலில் நிற்பார்கள் என்பதுதான் சிக்கல். ஆனால் வயலுக்குப் போகும் வழியும் அதே வீதியோரந்தான். பூக்காத செடியைக் கூட்டெரு ஆக்கலாம், பூத்ததை ஆக்கக் கூடாது. குழி வெட்டி எரிக்க வேண்டும்.

இன்னொரு வழி நம் வீதியோரத்திலேயே நிற்கிறது. மகாராட்டிரத்திலும் கர்நாடகத்திலும் தகரை இனத்துச் செடிகள் அடர்த்தியாக முளைத்து, பார்த்தீனியத்துக்கு வெளிச்சம் விடாமல் அமுக்கியதை ஆய்வாளர் கண்டு, அவற்றை வேண்டுமென்றே விதைக்கச் சொன்னார்கள். வன்னியில் தகரைக்குப் பஞ்சமில்லை. மாரி தொடங்கியதும் கொழுந்து பிடுங்கி வறை வறுக்கிற செடி. எந்தத் தகரை, எந்த மண்ணில், எவ்வளவு அடர்த்தியில் போட்டால் இங்கே வேலை செய்யும் என்பதைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது, முறிகண்டியிலிருந்து அதிகம் தூரமில்லை. தாவரவியலரும் மண் ஆய்வாளரும் கிளிநொச்சி ஆஸ்பத்திரித் தோல் மருத்துவரும் வீதி அபிவிருத்திப் பொறியியலாளரும் ஒரு மேசையில் இருந்து பேசக்கூடிய இடம் அது. கிரவல் அள்ளும் குழிகளில் செடி நிற்கிறதா என்று ஏற்றுவதற்கு முன் பார்ப்பது பொறியியலாளரின் கையில் இருக்கிறது, தாவரவியலரின் கையில் இல்லை.

தகரைக் காய் முற்றுவது மாரி ஓய்ந்த பிறகு. தை, மாசியில் அதைச் சேர்த்துக் காயவைத்து எடுத்தால்தான் புரட்டாசியில், முதல் மழைக்கு முன், மாங்குளம் சந்தியிலிருந்து நாலு பக்கமும் தூவிப் பார்க்க விதை கையில் இருக்கும்.