ஒலிபெருக்கி வயர்: மைக் செட்டிலிருந்து வீட்டு இசைக்கருவி வரை

ஒலிபெருக்கி வயர் என்பது ஆம்ப்ளிபயரிலிருந்து ஒலிபெருக்கிக்கு மின்னோட்டத்தைக் கொண்டுசெல்லும் இரட்டைச் செப்புக் கம்பி ஆகும். மீட்டர் சில பத்து ரூபாய்க்கும் கிடைக்கிறது. பல ஆயிரம் ரூபாய்க்கும் விற்கப்படுகிறது. பல ஆண்டு சேமித்து உயர்தர ஆம்ப்ளிபயரும் ஒலிபெருக்கியும் வாங்கியவர், மீதமுள்ள பணத்தை வயரில் போடலாமா என்று தயங்குவது இயல்பு. இதற்கான விடை வயரின் வரலாற்றிலேயே உள்ளது.

தொடக்கம்

ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம், 1827-இல் மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகியவற்றின் தொடர்பை நூலாக வெளியிட்டார். கம்பி நீண்டால் மின்தடை கூடும், தடித்தால் குறையும். 1925-இல் அமெரிக்காவின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் இயங்கு சுருள் ஒலிபெருக்கியை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். இன்றைய வீட்டு ஒலிபெருக்கிகளில் பெரும்பாலானவை அதே அமைப்பைக் கொண்டவை. அந்தக் காலத்தில் ஒலிபெருக்கிக்கென்று தனி வயர் இல்லை. விளக்குக்குப் போடும் இரட்டை வயரே பயன்பட்டது.

திருவிழா மைக் செட்

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் ஆரோவில்லை ஒட்டியுள்ள குயிலாப்பாளையம் போன்ற ஊர்களில், மக்கள் முதலில் அறிந்த ஒலிபெருக்கி வயர் திருவிழா மைக் செட்டுக்காரர் தெருத்தெருவாகக் கட்டியதே. கோயில் வாசலில் ஆம்ப்ளிபயர் இருக்கும். கூம்பு ஒலிபெருக்கியோ தெருக்கோடி மரத்தில் இருக்கும். அவ்வளவு தூரத்துக்குத் தடித்த செப்புக் கம்பி வாங்கினால் கட்டுப்படியாகாது.

இதற்குக் கண்ட வழிதான் 100 வோல்ட் லைன் முறை. 30 வாட் திறனை 8 ஓம் ஒலிபெருக்கிக்கு நேரடியாக அனுப்பினால் வயரில் சுமார் 1.9 ஆம்பியர் ஓடும். 100 வோல்ட்டில் அனுப்பினால் 0.3 ஆம்பியர் போதும். வயரில் வீணாகும் திறன் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், இழப்பு சுமார் நாற்பதில் ஒரு பங்காகிறது. கூம்பின் அருகே உள்ள லைன் மேட்சிங் டிரான்ஸ்பார்மர் மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கிறது.

14/36 என்று கடைகளில் சொல்லப்படும் வயரில், 36 கேஜ் கம்பி இழைகள் 14 இருக்கும். செப்பின் பரப்பு சுமார் 0.4 சதுர மி.மீ. ஆம்ப்ளிபயருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே 100 மீட்டர் இருந்தால், போக வர 200 மீட்டர் கம்பி; அதன் மின்தடை 8 ஓமுக்குச் சற்று மேல். நேரடி இணைப்பில் 30 வாட்டில் ஏறக்குறைய 7 வாட்தான் ஒலிபெருக்கியைச் சேரும். 100 வோல்ட் லைனில் 28 வாட்டுக்கு மேல் சேரும். இரண்டிலும் வயர் ஒன்றே. மாறியது மின்னோட்டம் மட்டுமே.

தனி வயரின் வருகை

வீட்டில் தூரம் குறைவு என்பதால் இந்த முறை தேவைப்படவில்லை. 1970-களின் இறுதி வரை மேலை நாடுகளிலும் விளக்கு வயரே வழக்கில் இருந்தது. 1979-இல் அமெரிக்காவில் நோயல் லீ மான்ஸ்டர் கேபிள் நிறுவனத்தைத் தொடங்கிய பின், ஒலிபெருக்கி வயர் தனிப் பொருளாகப் பரவியது. தடித்த கம்பி என்பதில் நியாயம் இருந்தது. பின்னர் வெள்ளி, சிறப்புப் பின்னல், உயர் தூய்மை எனப் பல பெருமைகள் சேர்ந்து விலையும் ஏறியது.

1983-இல் ஸ்டீரியோ ரிவியூ இதழில் லாரன்ஸ் கிரீன்ஹில் ஒரு கேட்புச் சோதனையை வெளியிட்டார். எந்த வயர் இணைக்கப்பட்டுள்ளது என்று கேட்பவர்களுக்குத் தெரியாது. சாதாரண 16 கேஜ் வயரையும் மான்ஸ்டர் வயரையும் இசையில் அவர்களால் நம்பகமாகப் பிரித்தறிய முடியவில்லை. மெல்லிய 24 கேஜ் வயரில்தான் வேறுபாடு புலப்பட்டது; அதற்குக் காரணம் அதன் கூடுதல் மின்தடை.

இன்று தேர்வு செய்யும் முறை

வயரின் மொத்த மின்தடை ஒலிபெருக்கியின் ஓம் அளவில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. கணக்கு எளிது: போக வர உள்ள நீளத்தை (மீட்டர்) 0.0172-ஆல் பெருக்கிச் செப்பின் பரப்பால் (சதுர மி.மீ.) வகுக்க வேண்டும்.

5 மீட்டர் தூரத்துக்கு 0.5 சதுர மி.மீ. வயரில் 0.34 ஓம், 1.5-இல் 0.11 ஓம், 2.5-இல் 0.07 ஓம் வருகிறது. 8 ஓம் ஒலிபெருக்கிக்கு வரம்பு 0.4 ஓம், 4 ஓமுக்கு 0.2 ஓம். ஆகவே சாதாரண அறைக்கு ஒன்றரை ஸ்கொயர் வயர் இரண்டுக்கும் போதும். 4 ஓம் ஒலிபெருக்கி 10 மீட்டர் தள்ளி இருந்தால் இரண்டரை ஸ்கொயர் வாங்கலாம். வீட்டு வயரிங்குக்கு விற்கும், ஐ.எஸ். 694 தரக்குறியீடு உள்ள பல இழைச் செப்பு வயரே இதற்கு ஏற்றது.

விலை மலிவாக இருந்தால் ஒன்றைச் சோதிக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செப்பு பூசிய வயரின் மின்தடை, அதே தடிமனுள்ள செப்பு வயரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஓர் இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். மாறாக, ஈயம் பூசிய செப்பு இழை வெளியே வெள்ளையாகவும் உள்ளே சிவந்தும் இருக்கும், அது நல்லதே.

குயிலாப்பாளையம் கடற்கரையை அடுத்த ஊர். உப்புக் காற்றில் செப்பு முனைகள் பச்சை பூத்துத் தொடர்பு கெடும். ஆண்டுக்கொரு முறை கருவியை அணைத்துவிட்டு முனையை நறுக்கிப் புதிதாகச் சீவி இறுக்க வேண்டும். இரு ஒலிபெருக்கிகளிலும் சிவப்பும் கறுப்பும் மாறாமல் இணைப்பதும் முக்கியம். ஒன்றில் மட்டும் மாறினால் தாழ்சுரம் மெலிந்துவிடும்.

வயரில் மிச்சமாகும் பணத்தை ஒலிபெருக்கிக்கோ, அறையின் எதிரொலியைக் குறைக்கும் கனத்த திரைக்கோ செலவிட்டால் காதில் மாற்றம் தெரியும்.