ஸ்ரீரங்கத்துச் சுவர்ல ஏறும் தண்ணி

ஒரு லிசனர் கேட்டிருந்தார்: "ஸ்ரீரங்கம் சித்திரை வீதிப் பக்கம் பழைய வீடு ஒண்ணு விலைக்கு வருது. வாங்கி, போர்ஷன் பிரிச்சு வாடகைக்கு விடலாம்னு இருக்கேன். போன வருஷம்தான் சிமெண்ட் பூசி பெயிண்ட் அடிச்சாங்களாம். ஆனா இடுப்பு உயரத்துக்கு பெயிண்ட் உரிஞ்சு நிக்குது. ஏமாத்துறாங்களா ப்ரோ?"

ஏமாத்தறது அநேகமா ஆள் இல்ல, பூச்சு. அதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும்.

ஸ்ரீரங்கம் ஒரு தீவு. முக்கொம்புல பிரியற காவிரியும் கொள்ளிடமும் ரெண்டு பக்கமும் ஓடுது. ஆத்து மணல் மேல உட்கார்ந்திருக்கிற ஊர்ல, ஈரம் சுவருக்குள்ள வரத்தான் செய்யும். டீயில முனையை மட்டும் தொட்ட பன், மேல வரைக்கும் நனையுதில்ல? செங்கல்லும் அப்படித்தான். இதைத்தான் கொத்தனாருங்க ஓதம்னு சொல்றாங்க.

பழைய ஆளுங்க ஓதத்தோட சண்டை போடல. சுண்ணாம்புக் காரையில கட்டி, சுண்ணாம்பே பூசினாங்க. அந்தப் பூச்சு மூச்சு விடும். உள்ள ஏறின ஈரம் வெளியே காய்ஞ்சு போயிடும். கூடவே வர்ற உப்பு பூச்சைத்தான் அரிக்கும், செங்கல் தப்பிச்சுக்கும். அரிச்ச இடத்தைப் பொங்கலுக்கு முன்னாடி சரிபண்ணி, வெள்ளையடிச்சாங்க. எங்க பாஷையில, வருஷாந்திர மெயின்டெனன்ஸ் ரிலீஸ்.

அப்புறம் சிமெண்ட் வந்துச்சு. இங்கிலாந்துல ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினது 1824ல. திருச்சிக்குப் பக்கத்துலயே, டால்மியாபுரத்துல ஆலை வந்தது 1939ல. ஆமா, 1953ல கலைஞர் தண்டவாளத்துல படுத்த அதே கல்லக்குடிதான். சிமெண்ட் நல்ல பொருள், அதுல சந்தேகம் இல்ல. ஆனா சுண்ணாம்புச் சுவர் மேல அதைப் பூசினா, ஈரம் வெளியேற வழி தேடி இன்னும் மேல ஏறும். உள்ள உப்பு படிகமாகி, பூச்சைப் பின்னாலிருந்து தள்ளும். அதுக்கு மேல வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிக்கிறது, கொதிக்கிற பானைக்கு மூடி போட்டு அமுக்குற மாதிரி.

இன்னொரு வில்லன் ரோடு. மேல மேல தார் போட்டு தெரு உசந்துடுச்சு, வீடு பள்ளமாயிடுச்சு. திண்ணைக்கு ஏறின படிகள்ல பாதி மண்ணுக்குள்ள. 2021ல அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டிட்டுத்தான் புதுசு போடணும்னு உத்தரவே போட வேண்டியிருந்தது.

இதுக்குத் தீர்வு அந்த ஊருக்குள்ளயே இருக்கு. பெரிய கோயில்ல 2015 சம்ப்ரோக்ஷணத்தை ஒட்டி நடந்த திருப்பணியில, பழைய வடிகால்களையும் மழைநீர் போற வழிகளையும் மீட்டெடுத்தாங்க. அந்தத் திருப்பணிக்கு 2017ல யுனெஸ்கோவோட ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கிடைச்சுது. பேர் வாங்கின வேலையில ஒரு முக்கியமான பகுதி, தண்ணிக்கு வழி விட்டது!

அதனால, அந்த லிசனருக்கு: ஐப்பசி மழை பெஞ்ச மறுநாள் போய்ப் பாருங்க. வாசல்ல எத்தனை படி மிச்சம் இருக்கு, முற்றத்துத் தண்ணி எங்க போகுதுன்னு கேளுங்க. உரிஞ்ச இடத்துல வெள்ளையா உப்பு பூத்திருக்கான்னு விரலால தொட்டுப் பாருங்க. பூத்திருந்தா, கீழ்ச்சுவர் சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுண்ணாம்பு பூசத் தெரிஞ்ச கொத்தனார் என்ன கூலி கேக்கிறார்னு விசாரிங்க. அந்தத் தொகையைக் கழிச்சுட்டு விலை பேசுங்க.