கள்ளுக்கடை வாயிலிலிருந்து மருத்துவமனை வாயில் வரை

மதுரை மாநகருக்கு மேற்கே, நாகமலைத் தொடரின் அருகில், கீழக்குயில்குடி என்னும் ஊர் இருக்கிறது. ஊரின் எல்லையில் சமணர் மலை. மலையடிவாரத்தில் ஒரு தாமரைக்குளம். அதன் கரையில் ஆலமரம். பக்கத்தில் அய்யனார் கோயில். படிகளில் ஏறிச் சென்றால் பேச்சிப்பள்ளம் என்னும் இடத்தில், பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவங்களையும், அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகளையும் காணலாம். அவை ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டவை. இங்கு வாழ்ந்த சமணத் துறவிகள் கள்ளை விலக்கியவர்கள். அதனோடு, உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி ஆகிய நான்கையும் தலைசிறந்த தானங்களாகப் போற்றியவர்கள். குடியை விலக்கு என்று சொன்ன அதே நாவால் நோயாளிக்கு மருந்து கொடு என்றும் அவர்கள் சொன்னார்கள். இவ்விரண்டு அறங்களும் பிற்காலத்தில் எப்படித் தனித்தனியே பிரிந்தன, மீண்டும் எப்படி ஒன்றை ஒன்று தேடி வந்தன என்பதே இன்று நான் சொல்ல வந்த சரித்திரம்.

இதை நான் ஏட்டில் மட்டும் படித்து அறிந்தவன் அல்லேன். என் பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, கீழக்குயில்குடியில் கொத்தனார் வேலை செய்து வந்தார். கை தேர்ந்த வேலைக்காரர். ஆனால் மாலைக் கூலியில் பாதி மதுக்கடைக்குப் போய்விடும். 2009-ஆம் ஆண்டு, பெரியம்மாவின் கண்ணீரைப் பொறுக்கமாட்டாமல், அவர் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டார். இனிக் குடிப்பதில்லை என்று தெய்வத்தின் முன் சத்தியம் செய்து, கையில் கயிறு கட்டிக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். அன்றிலிருந்து ஒரு சொட்டும் தொடவில்லை. முதல் நாள் கை நடுங்கிற்று. இரண்டாம் நாள் உறக்கம் போயிற்று. மூன்றாம் நாள் இரவு, சுவரெங்கும் பூச்சி ஊர்கிறது என்று அலறினார். பெற்ற தாயையே அடையாளம் தெரியவில்லை. பிறகு வலிப்பு வந்துவிட்டது. தெய்வக் குற்றம் என்றனர் சிலர். நாங்கள் முதலில் தூக்கிச் சென்ற இடத்தில், "குடிகாரனுக்கெல்லாம் இங்கே படுக்கை இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். விடியற்காலையில் மதுரையில் மற்றொரு மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே இருந்த மருத்துவர் கயிற்றைப் பார்த்து நகைக்கவில்லை. "நோன்பு நல்லதுதான், அம்மா. ஆனால் அந்த நோன்பைத் தாங்கும் வலிமையை முதலில் உடம்புக்குக் கொடுக்க வேண்டும். அது எங்கள் வேலை" என்று பெரியம்மாவிடம் சொன்னார். அந்தச் சொல்லின் பொருளை விளங்கிக்கொள்ளத்தான் நான் பழைய வரலாற்றைப் புரட்டலானேன்.

தமிழர்க்குக் கள் புதியதன்று. அதியமானும் ஔவையாரும் ஒன்றாகக் கள் உண்டதைப் புறநானூறு காட்டுகிறது. பின்னர் வந்த திருவள்ளுவர், பொருட்பாலில் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அந்நாளில் குடி, அறிவுரையால் திருத்தத்தக்க ஒழுக்கக்கேடு என்று கருதப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் அது வருவாய்த் துறைக்குள் புகுந்தது. 1886-ஆம் ஆண்டுச் சென்னை அப்காரிச் சட்டத்தின்கீழ்க் கள்ளும் சாராயமும் அரசாங்கத்தின் கருவூலத்தை நிரப்பின. கடைகள் ஏலம் விடப்பட்டன. ஏலம் எடுத்தவன் போட்ட முதலுக்கு மேல் எடுக்க முயன்றான். குடிப்பவனுடைய குடும்பம் அதைச் செலுத்தியது.

இந்த நிலையை எதிர்த்து எழுந்ததே கள்ளுக்கடை மறியல். 1921-இல் ஈரோட்டில் பெரியார் ஈ. வெ. ராமசாமி மறியலை நடத்தினார்; அவர் சிறை சென்றபின் அவருடைய துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்று நடத்தினர். குடியின் துன்பத்தை முழுதும் சுமந்தவர்கள் பெண்கள். ஆதலால் அவர்கள் தெருவுக்கு வந்தது வியப்பன்று. அதே ஆண்டு செப்டம்பர் திங்களில்தான் காந்தியடிகள் நம் மதுரையில் தம் உடையை மாற்றி அரையாடை மட்டும் அணிந்தார். 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே காந்தி ஆசிரமத்தைத் தொடங்கிய இராஜாஜி, 1929-இல் மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்னும் மாத இதழை நடத்தினார். பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்ற கல்கி, அதில் துணையாசிரியராகப் பணியாற்றினார்.

1937-இல் இராஜாஜி சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் பொறுப்பை ஏற்றதும், அக்டோபர் 1-ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. இழந்த வருவாயை ஈடு செய்ய 1939-இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. இன்று நாம் கடையில் வாங்கும் பொருளுக்கு வரி கொடுப்பதன் பின்னே கள்ளுக்கடையின் கதை ஒன்று மறைந்திருக்கிறது! 1948 அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகள் மறைந்த பிறகு வந்த முதற் பிறந்த நாளில், மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது.

சேலத்தில் கடையை மூடியதோடு அரசு நின்றுவிடவில்லை. மாலைப் பொழுதில் தொழிலாளர் கூடுவதற்குத் தேநீர்க் கடைகளும், விளையாட்டும், பஜனையும், சிக்கனச் சங்கங்களும் ஏற்பாடு செய்யப்பட்டன. இது மெச்சத்தக்க சிந்தனை. எனினும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். பல்லாண்டு குடித்துப் பழகிய உடம்பு திடீரென மது கிடைக்காமற் போனால் என்ன ஆகும் என்ற கேள்வி அந்நாளைய பேச்சுகளில் பெரிதாக எழவில்லை. கள் கிடைக்காத சிலர் வார்னிஷையும் இஞ்சித் தைலத்தையும் குடித்தார்கள். அவர்கள் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போனார்கள். மருத்துவரிடம் போனவர் மிகச் சிலரே. ஒழுக்கக்கேடு என்று கருதப்பட்ட குடி இப்போது குற்றமாகவும் ஆயிற்று. நோயென்று அதை யாரும் அழைக்கவில்லை.

பின்னர் நிகழ்ந்ததைச் சுருங்கச் சொல்லலாம். 1971-இல் மதுவிலக்கு ஒத்திவைக்கப்பட்டது. 1974-இல் மீண்டும் வந்தது. 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. 1983-இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், அதாவது டாஸ்மாக், மொத்த வாணிபத்துக்காக நிறுவப்பட்டது. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. கடை திறந்த ஆண்டுகளையும் மூடிய ஆண்டுகளையும் நம் அரசியல் வரலாறு பதிவு செய்திருக்கிறது. குடிநோயாளிக்குக் கதவு எப்போது திறந்தது என்பதை வேறோர் ஏட்டில்தான் தேட வேண்டும்.

அந்த ஏடு கடல் கடந்து தொடங்குகிறது. 1784-இல் அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ், கடும் மதுவகைகள் உடம்புக்கும் உள்ளத்துக்கும் செய்யும் கேட்டை ஆராய்ந்து எழுதினார். 1804-இல் பிரிட்டனில் கடற்படை மருத்துவராயிருந்த தாமஸ் டிராட்டர், குடிப்பழக்கம் மனத்தின் நோய் என்று துணிந்து கூறினார். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில், குடியினால் வாழ்வை இழந்திருந்த பில் வில்சன் என்ற வணிகரும் பாப் ஸ்மித் என்ற மருத்துவரும் சந்தித்து, ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்ளும் ஒரு கூட்டுறவைத் தொடங்கினர். 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்பது அதன் பெயர். கட்டணமில்லை, பெயரை வெளியிட வேண்டியதில்லை. அதன் கூட்டங்கள் இன்று தமிழகத்திலும் நடைபெறுகின்றன.

நம் மாநிலத்தில் 1980-ஆம் ஆண்டு ஒரு திருப்பம். குடியினால் கணவரை இளவயதில் இழந்த சாந்தி ரங்கநாதன், சென்னையில் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். குடிநோயாளியோடு அவர் குடும்பத்துக்கும் சிகிச்சை வேண்டும் என்பது அங்கே கொள்கையாயிற்று. மைய அரசு 1988-இல் போதை நீக்கச் சிகிச்சைக்கெனத் தனித் திட்டம் வகுத்தது. மதுரையில் 1992-இல் தொடங்கிய எம். எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மனநலப் பணியோடு குடிநோய் மறுவாழ்வையும் மேற்கொண்டது. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை, முன்பு சென்னை ஆளுநராயிருந்த எர்ஸ்கின் பிரபுவின் பெயரைத் தாங்கியிருந்தது. எர்ஸ்கின் ஆளுநராயிருந்தபோதுதான் இராஜாஜியின் மதுவிலக்குச் சட்டம் பிறந்தது. இன்று குடிநோயாளி சிகிச்சை நாடி அம்மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லும்போது, மதுவிலக்கின் தந்தை பெயர் எழுதிய வாயிலின் வழியே உள்ளே நுழைகிறார். விலக்கும் மருந்தும் ஒரே வாயிலில் சந்திப்பதை நான் அங்கே கண்டேன்.

மாணவர்களே, மூன்றாம் நாள் இரவு என் அண்ணனுக்கு நேர்ந்தது என்ன என்பதை இனிச் சொல்கிறேன். மது மூளையின் இயக்கத்தை அடக்கி வைக்கிறது. நாள்தோறும் அதை எதிர்த்து இயங்கிப் பழகிய மூளை, மது திடீரென நின்றதும் கடிவாளம் அறுந்த குதிரைபோல் பாய்கிறது. முதல் நாளில் நடுக்கமும் வியர்வையும். ஒன்றிரண்டு நாட்களில் சிலருக்கு வலிப்பு. இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்குச் சித்தக் கலக்கம். சிகிச்சையின்றி விட்டால் உயிர் போவதும் உண்டு. மருத்துவர் இதை அமைதிப்படுத்தும் மருந்துகளை அளவாகக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து நிறுத்துகிறார். நீண்ட நாள் குடித்தவர்க்குக் குறைந்துபோகும் தயமின் என்னும் வைட்டமினையும் ஊசி வழியே ஏற்றுகிறார். இது ஒரு வார அளவில் முடியும். ஆனால் அது முதற்படியே. பிறகு பல வாரங்கள், பல மாதங்கள் ஆலோசனையும், குடும்பத்தின் துணையும், சிலருக்கு வேட்கையைக் குறைக்கும் மருந்தும் வேண்டும். மீண்டும் குடித்துவிட்டால் அனைத்தும் வீண் என்று எண்ணக்கூடாது. நீரிழிவு நோயாளியின் சர்க்கரை ஒருமுறை ஏறினால் நாம் அவரைக் கைவிடுகிறோமா? என் அண்ணன் இருமுறை வழுக்கினார்; மூன்றாம் முறை நிலைத்தார்.

இத்தனை இருந்தும், 2019-இல் வெளியான மைய அரசின் ஆய்வு ஒரு வருந்தத்தக்க செய்தியைச் சொல்கிறது. மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒருவகை உதவி கிடைத்திருக்கிறது. மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவரே. தொலைவும் வறுமையும் காரணங்கள்தாம். ஆயினும் பெயர் கெட்டுவிடும் என்ற அச்சமே பெருந்தடை என்று நான் கருதுகிறேன். கீழக்குயில்குடிக்கு அந்த அச்சம் புதிதன்று. 1914-இல் இவ்வூர்க் கள்ளர் சமூகத்தார் மீது குற்றப் பழங்குடிகள் சட்டம் பாய்ந்தது. மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றனர். குற்றம் செய்யாதவனும் பதிவேட்டில் பெயர் எழுதி, இரவில் காவல் கண்காணிப்பில் கிடக்க வேண்டியிருந்தது. 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது. பதிவேட்டில் பெயர் ஏறினால் என்ன நேரும் என்பதைப் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டு வளர்ந்த ஊர், மருத்துவமனைப் பதிவேட்டையும் ஐயத்தோடு பார்த்தால் அதில் வியப்பென்ன?

ஆனால் இவ்விரு ஏடுகளும் வேறு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைக் கேடுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்து, நோயாளியின் செய்திகளை மறைவாகக் காக்க வேண்டும் என்கிறது. கஞ்சா, மாத்திரை முதலிய போதைகளில் சிக்கிய இளைஞர்க்கும் ஒரு வழியுண்டு. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் ஒரு பிரிவு, சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ பயன்படுத்தியதற்காகவோ வழக்கில் சிக்கியவர், தாமே முன்வந்து அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றால், வழக்கிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது.

ஆகவே உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் குடியை விட விரும்பினால், நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவரைத் திடீரென அறையில் பூட்டி வைக்காதீர்கள். அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால், மைய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446-ஐயோ, மனநல உதவி எண் 14416-ஐயோ அழைக்கலாம். தனியார் மையமானால், அரசிடம் பதிவு பெற்றிருக்கிறதா, மருத்துவர் நாள்தோறும் வருகிறாரா, குடும்பத்தார் நோயாளியைக் காண இயலுமா என்ற மூன்றையும் கேளுங்கள். அடித்தும் கட்டியும் வைக்கும் இடம் மருத்துவமனை ஆகாது. நடுக்கமும் குழப்பமும் வலிப்பும் கண்டால் ஒரு நொடியும் தாமதிக்காமல் 108 வண்டியை அழையுங்கள்.

என் அண்ணன் கையில் அந்தக் கயிறு இன்னும் இருக்கிறது; பலமுறை மாற்றிக் கட்டியது. மருத்துவர் எழுதிய பழைய சீட்டுகளையும் பெரியம்மா அரிசிப்பானை அருகே ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். இரண்டில் எது காப்பாற்றியது என்று கேட்டால் அண்ணன் சிரிப்பார். இப்போது ஊரில் யாருக்கேனும் கை நடுங்குகிறது என்று கேள்விப்பட்டால், அவரே விடியற்காலைப் பேருந்தில் அவரை மதுரைக்கு அழைத்துச் செல்கிறார். மலைமேல் வாழ்ந்த துறவிகள் போற்றிய மருந்துத் தானம், அடிவாரத்துக் கொத்தனார் ஒருவர் கையில் இவ்வாறு தொடர்ந்து வருகிறது. அதை உங்கள் ஊரிலும் தொடர்வது உங்கள் பொறுப்பு.