ஒளிர்கோடுகள் சொல்வதும் சொல்லாததும்

மாசிக் கடைசியில் இரவு ஒன்பது மணியளவில் திருப்பதியிலிருந்து நேர் தெற்கே நோக்கினால், அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 29 பாகை உயரத்தில் காமா வெலோரம் நிற்கும். சித்தூரில் இன்னும் சற்று உயரம். ரோமில் அதே விண்மீன் ஒரு பாகைகூட மேலே வருவதில்லை. 1871 டிசம்பர் 12 சூரிய கிரகணத்துக்காகத் தென்னிந்தியாவுக்கு வந்த இத்தாலிய வானியலாளர் லொரென்சோ ரெஸ்பிகி, அதன் நிறமாலையில் கறுப்புக் கோடுகளுக்குப் பதில் பளிச்சிடும் கோடுகள் இருப்பதைக் கண்டறிய இந்தத் தென்வானமே வாய்ப்பளித்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1867இல், பாரிசில் வூல்ஃபும் ரேயேயும் சிக்னஸ் மண்டலத்தில் இதே விதமான மூன்று விண்மீன்களைக் கண்டிருந்தார்கள். அந்த மூன்றும் வெறுங்கண்ணுக்கு எட்டாத எட்டாம் தர மங்கல்கள். ஆனாலும் அந்த இனம் முழுவதற்கும் அவ்விருவர் பெயரே நிலைத்துவிட்டது. இப்படி மங்கலாய்த் தெரியும் ஒன்றை ‘மிக வெப்பமானது’ என்று எதைக் கொண்டு அடித்துச் சொல்கிறோம்? பிரகாசத்தையோ நிறத்தையோ கொண்டல்ல, கோடுகளைக் கொண்டுதான் என்பது என் கட்சி. அந்தக் கோடுகளின் சாட்சியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டி அவற்றை இழுத்தால் பிசகிவிடும்.

முதலில் நிறத்தை எடுத்துக்கொள்வோம். நீலமாய் இருந்தால் சூடு, சிவந்திருந்தால் குளிர் என்ற பள்ளிக்கூடப் பாடம் சூரியனுக்கும் அதன் அக்கம்பக்கத்துக்கும் சரி. வெப்பநிலை 30,000 கெல்வினைத் தாண்டிவிட்டால் அந்தப் பாடம் உதவாது. 57,000 கெல்வின் வெப்பமுள்ள பொருளின் ஒளி உச்சம் 51 நானோமீட்டர் அருகே, ஆழ்ந்த புற ஊதாவில் விழுகிறது. கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கு வருவது அதன் வால் மட்டும். 30,000 கெல்வினுக்கும் 50,000 கெல்வினுக்கும் அந்த வாலின் சாய்வில் உள்ள வேறுபாடு சில சதவீதந்தான். இடையில் கிடக்கும் விண்வெளித் தூசியோ நீலத்தை அதைப் போலப் பல மடங்கு தின்றுவிடும். புற ஊதாவிலேயே நேராக அளந்தால் என்ன என்று கேட்கலாம். செயற்கைக்கோள்கள் அதைச் செய்திருக்கின்றன. ஆனால் 91 நானோமீட்டருக்குக் கீழே வரும் ஒளியை விண்வெளியிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களே வழியில் விழுங்கிவிடுகின்றன. ஆகவே இத்தகைய விண்மீனின் ஒளியில் பெரும்பங்கை நாம் பார்த்ததே இல்லை, பார்க்கப்போவதும் இல்லை.

கோடுகளின் கதை வேறு. இந்த விண்மீன்களிலிருந்து வாயு அடர்ந்த காற்றாய் வெளியே பாய்ந்தபடி இருக்கிறது. அந்தக் காற்றில் எலெக்ட்ரான்களை இழந்த அணுக்கள் ஒளிரும்போதுதான் நிறமாலையில் பளிச்சிடும் கோடுகள் எழுகின்றன. கார்பன் இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த நிலை 569.6 நானோமீட்டரில் ஒரு கோட்டைத் தருகிறது. மூன்றை இழந்த நிலை 580.8 அருகே தருகிறது. இரண்டாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்குப் போக 47.9 எலெக்ட்ரான் வோல்ட் தேவை. அந்த ஆற்றலுள்ள ஒளித்துகள்களை ஏராளமாய் வழங்குவது மிகச் சூடான மூலமாகத்தான் இருக்க முடியும். எனவே எந்தக் கோடு எந்தக் கோட்டைவிட வலுவானது என்ற விகிதமே வெப்பமானியாகிவிடுகிறது. இதில் ஒரு வசதியைக் கவனிக்க வேண்டும். இரு கோடுகளுக்கும் இடையே 11 நானோமீட்டர்தான் இடைவெளி. தூசி மறைத்தாலும் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் மறைக்கும். நமக்கு மேலுள்ள காற்றும் அப்படியே. 29 பாகை உயரத்தில் விண்மீனின் ஒளி, தலைக்கு மேலிருந்து வருவதைப் போல இரு மடங்கு காற்றைக் கடந்து வருகிறது; திருப்பதிக்கும் சித்தூருக்கும் நடுவே காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் லேசர் கொண்டு ஆராய்கிற தூசும் புகையும் கலந்த அதே காற்றுதான். மொத்தப் பிரகாசம் இரவுக்கு இரவு மாறலாம். விகிதம் அசையாது.

கோட்டின் அகலமும் பேசுகிறது. காமா வெலோரத்தின் காற்று நொடிக்குச் சுமார் 1,500 கிலோமீட்டர் வேகத்தில் எல்லாத் திசைகளிலும் பாய்வதால், 580.8 நானோமீட்டர்க் கோடு இருபுறமும் மும்மூன்று நானோமீட்டர் அளவுக்கு விரிந்து மேடாய் நிற்கிறது. தெருவிளக்கு வெளிச்சம் இதைக் கெடுத்துவிடாதா என்றால், பாதரச விளக்கின் 546.1 நானோமீட்டர்க் கோடு ஊசி போல மெல்லியது, குழப்பத்துக்கு இடமில்லை. வெள்ளை எல்.இ.டி. விளக்குகள்தான் தொல்லை; அவற்றின் ஒளி கோடாக இல்லாமல் எங்கும் பரவிக் கிடக்கிறது.

கோடுகளை நம்பலாம் என்பதற்கு நல்ல சோதனை கொடைக்கானலில் தொடங்கிய ஒரு வேலையின் பின்கதையில் இருக்கிறது. காமா வெலோரம் உண்மையில் இரட்டை: ஒரு வூல்ஃப்–ரேயே விண்மீன், அதைவிடப் பிரகாசமான ஒரு நீலத் துணை. 1967இல் வானியலாளர்கள் கே.எஸ். கணேஷும் வைணு பாப்புவும் கொடைக்கானல் வானாய்வக வெளியீடொன்றில் அதன் சுற்றுப்பாதையைக் கணித்துச் சுற்றுக்காலம் 78.5 நாள் என்றார்கள். கோடுகள் முன்னும் பின்னும் நகர்வதை மட்டுமே கொண்டு கிடைத்த அந்த எண் இன்றைக்கும் நிற்கிறது. தூரத்தின் கதி அப்படியில்லை. 1997இல் ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள் 258 பார்செக் என்றது. 2007இல் ஆஸ்திரேலியாவின் குறுக்கீட்டுமானி 336 பார்செக் என்றது. தூரம் மாறியதும் விண்மீனின் மொத்த ஒளிர்வு 1.7 மடங்கு கூடிவிட்டது. கோடுகளிலிருந்து வந்த வெப்பநிலையும் காற்றின் வேகமும் இந்தத் திருத்தத்தால் அசையவில்லை.

இங்கேதான் வலுவான மறுப்பு வருகிறது. சிக்னஸ் மண்டலத்தில் கேம்பெல் விண்மீன் என்று ஒன்று உண்டு. அட்டவணைகளில் பி.டி. +30° 3639. பத்தாம் தர மங்கல். வெறுங்கண் எல்லையைவிடச் சுமார் 40 மடங்கு குறைந்த வெளிச்சம். அதன் நிறமாலையிலும் அதே அகன்ற கார்பன் கோடுகள்தான். வெப்பநிலை ஏறக்குறைய 50,000 கெல்வின். காமா வெலோரத்தின் வூல்ஃப்–ரேயே விண்மீனுக்கு நிறமாலை வகையில் அடுத்த படி. ஆனால் காமா வெலோரத்தில் இருப்பது சூரியனைப் போல் சுமார் 9 மடங்கு நிறை, ஒளிர்வு ஒன்றரை லட்சம் மடங்குக்கு மேல், முடிவு சூப்பர்நோவா. கேம்பெல் விண்மீனோ சூரியனைவிடச் சிறிய நிறை. ஒளிர்வு சில ஆயிரம் மடங்கு. கோள்வடிவ நெபுலாவின் நடுவில் வெண்குள்ளனாய் அடங்கப்போகும் முதிய மையம். கோடுகளை மட்டும் பார்த்து இரண்டையும் ஓரினம் என்றவன் ஏமாந்தான். இந்த மறுப்பை நான் அப்படியே ஏற்கிறேன். கோடு சொல்வது அந்தக் காற்றின் வெப்பம், வேகம், வேதியியல். நிறையும் வயதும் அதில் எழுதப்படுவதில்லை. அவற்றுக்குத் தூரம் வேண்டும். அல்லது இரட்டையின் சுற்றுப்பாதை வேண்டும். கேம்பெல் விண்மீனைப் பொறுத்தவரை, சுற்றியுள்ள நெபுலா விரியும் வேகம் வேண்டும்.

இன்னொரு மறுப்பு நுட்பமானது. காற்று அவ்வளவு அடர்த்தியானால் கீழேயுள்ள பரப்பு தெரியாதே, எந்த வெப்பநிலையைச் சொல்கிறீர்கள் என்பது. நியாயமான கேள்வி. காமா வெலோரத்தின் வூல்ஃப்–ரேயே விண்மீனுக்குச் சொல்லப்படும் 57,000 கெல்வின் என்பது காற்றின் ஆழத்தில், கணிப்பு மாதிரி தேர்ந்தெடுத்த ஒரு மட்டத்தின் வெப்பம். காற்று சீராக அல்லாமல் கட்டிகட்டியாய்ப் பாய்கிறது என்று தெரிந்தபின், விண்மீன் இழக்கும் நிறையின் கணக்கைப் பழைய மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்க வேண்டியதாயிற்று. கார்பன் விகிதம் காட்டும் அயனிநிலை மாறவில்லை. மாறியது அதிலிருந்து நாம் கட்டிய கணக்கு.

சித்தூரிலிருந்து நேர்கோட்டில் 80 கிலோமீட்டர் அளவில், ஜவ்வாது மலையின் காவலூரில், 1986 முதல் பாப்புவின் பெயர் தாங்கி 2.34 மீட்டர்த் தொலைநோக்கி நிற்கிறது. கேம்பெல் விண்மீன் அங்கே உச்சியில் 72 பாகை வரை ஏறும். பத்தாம் தரம் அந்தக் கண்ணாடிக்கு எளிது. காமா வெலோரத்துக்கோ அவ்வளவு பெரிய கருவி வேண்டியதில்லை. மில்லிமீட்டருக்கு 100 கோடுள்ள விளிம்பு விளைவுக் கீற்றணியைச் சிறு தொலைநோக்கியின் கேமராவுக்கு முன் பொருத்தினால், விண்மீன் நீண்ட வண்ணப் பட்டையாகும். அதில் மஞ்சள் பகுதியிலும் நீலத்திலும் வெளிச்சத் திட்டுகள் எழும். மங்கிய மாசி இரவிலும் ஒரு கல்லூரி மாணவர் அந்தத் திட்டுகளின் அகலத்தை அளந்து காற்றின் வேகத்தைத் தோராயமாய்ச் சொல்லிவிடலாம். அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் அந்தப் படத்திலிருந்து சொல்ல முடியாது.