கல்லடி, கண்ணடி, கார் கண்ணாடி

முன்னாடி போற ஜல்லி லாரியிலிருந்து ஒரு கல் தெறிச்சு வந்து கார் முன்கண்ணாடியில "டொக்"னு அடிக்குது. பார்த்தா ஒரு பொட்டு அளவுக்கு நட்சத்திரம் மாதிரி ஒரு அடி. ஒர்க்‌ஷாப்புக்குப் போனா ஒருத்தர் "ஒட்டிடலாம் சார்" என்பார். பக்கத்துக் கடைக்காரர் "ரிஸ்க் எடுக்காதீங்க, மொத்தமா மாத்திடுங்க" என்பார். ஒட்டுறதா, மாத்துறதா? இந்தக் கேள்விக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு மக்களே. அதுல பாதிக்கு மேல, இப்படி ஒரு கேள்வியே கிடையாதுங்கறதுதான் சுவாரசியம்.

ஆரம்பகாலக் கார்களில் முன்கண்ணாடியே இல்லை. ஓட்டுபவர் கண்ணுக்கு ஒரு கவசத்தை மாட்டிக்கிட்டு, புழுதியையும் பூச்சியையும் முழுங்கிக்கிட்டே போவார். 1900களின் தொடக்கத்தில் தனியாகக் காசு கொடுத்தால் ஒரு கண்ணாடி மாட்டித் தந்தார்கள். வீட்டு ஜன்னலில் போடுற அதே ரகம்தான். காத்தைத் தடுத்துச்சு, சரி. வண்டி எதிலாவது மோதினால்? கத்தி கத்தியாக உடைந்து முகத்தில் பாயும். பாதுகாப்புக்குன்னு மாட்டின கண்ணாடியே உள்ளே இருந்தவங்களுக்கு எமனாச்சு.

இதுக்கு விடை ஒரு பிரெஞ்சுக்காரர்கிட்டேயிருந்து வந்தது. எட்வார் பெனடிக்டஸ். வேதியியல் ஒரு பக்கம், துணிகளுக்கும் சுவர்களுக்கும் டிசைன் வரையறது இன்னொரு பக்கம்னு ரெட்டைக் குதிரையில் போன மனுஷன். 1903ல் ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை கைதவறி விழுந்ததாம். விரிசல் விட்டுச்சு, ஆனா சிதறவே இல்லை. உள்ளே இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் காய்ஞ்சு மெல்லிய தோலாகப் படிஞ்சு, துண்டுகளை எல்லாம் பிடிச்சு வெச்சிருந்தது. அப்புறம் கார் விபத்துகளில் கண்ணாடி குத்திக் காயம்பட்டவங்களைப் பற்றிப் படிச்சப்போதான் அந்தக் குடுவை ஞாபகம் வந்ததாகச் சொல்வார்கள். 1909ல் காப்புரிமை வாங்கினார். ரெண்டு கண்ணாடி, நடுவில் ஒரு பிளாஸ்டிக் தோல், ஆக மூணு அடுக்கு. அதனால் பேர் 'டிரிப்ளெக்ஸ்'.

கார் கம்பெனிகள் உடனே ஓடிவந்து வாங்கலை, விலை அப்படி. முதல் உலகப்போரில் விஷவாயு முகமூடிகளின் கண் பகுதிக்குத்தான் அது நிறையப் போனது. சாதாரண ஜனங்களுக்குக் கிடைச்சது ஃபோர்டு கம்பெனி 1927 டிசம்பரில் கொண்டுவந்த மாடல் ஏ காரில்தான். அதன் முன்கண்ணாடி சிதறாத கண்ணாடின்னு விளம்பரத்தில் பெருமையாகப் போட்டார்கள்.

அந்தப் பெருமை கோர்ட் வரைக்கும் போன கதை தெரியுமா? 1930ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒருத்தர் மாடல் ஏ வாங்கினார். அக்டோபரில் ஒரு மலைக் கணவாயில் போகும்போது, கடந்து போன வண்டியிலிருந்து ஒரு கூழாங்கல் தெறிச்சு முன்கண்ணாடியில் பட்டது. கண்ணாடிச் சில்லு பறந்து இடது கண்ணே போச்சு. "சிதறாதுன்னு நீங்கதானே சொன்னீங்க"ன்னு அவர் வழக்குப் போட்டார். "அவர் எங்ககிட்ட நேரா வாங்கலை, டீலர்கிட்டதான் வாங்கினார், எங்களுக்கும் அவருக்கும் ஒப்பந்தமே இல்லை" என்பது கம்பெனி வாதம். 1932ல் மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏத்துக்கலை. கண்ணாடியைப் பார்த்தால் சிதறுமா சிதறாதான்னு வாங்குறவருக்கு எப்படித் தெரியும், தயாரிப்பாளர் சொன்னதைத்தானே நம்பணும் என்றது. அமெரிக்க சட்டக் கல்லூரிகளில் பாடமாகவே படிக்கிற தீர்ப்பு இது. எனக்கென்னவோ, முன்கண்ணாடி வரலாற்றில் பெனடிக்டஸ் குடுவையை விட இந்தக் கூழாங்கல்தான் பெருசு.

செல்லுலோஸ் தோலுக்கு இன்னொரு சனி: வெயில் பட்டுப் பட்டு மஞ்சளாகிடும். 1930களின் கடைசியில் பி.வி.பி. என்று சுருக்கமாகச் சொல்லுற பாலிவினைல் பியூட்டிரால் வந்தது. இன்னிக்கும் நம்ம காரில் இருக்கிறது அதன் வாரிசுதான்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க நம்ம ஊர்ல. கண்ணாடிக்கே கண்ணடி பட்ட கூத்து 1954ல் அதே வாஷிங்டன் மாநிலத்தில் நடந்தது. மார்ச் கடைசியில் பெல்லிங்ஹாம் என்ற ஊரில் கார் கண்ணாடிகளில் சின்னச் சின்னக் குழி இருப்பதாகப் புகார். போக்கிரிப் பசங்க வேலைன்னு போலீஸ் நினைச்சது. ஏப்ரல் பாதியில் சியாட்டிலுக்குப் பரவி, ஏறக்குறைய 3000 கார்களுக்குப் புகார் குவிஞ்சுபோச்சு. மார்ச் 1ம் தேதி பிகினி தீவில் ஹைட்ரஜன் குண்டு வெடிச்சிருந்த நேரம். கதிர்வீச்சு என்றார்கள், கடற்படை ரேடியோ நிலையம் என்றார்கள், மணல் பூச்சி முட்டை என்றுகூடச் சொன்னார்கள். மேயர் பொமராய், மாநில கவர்னருக்கும் ஜனாதிபதி ஐசனோவருக்கும் தந்தியே அடிச்சுட்டார். விஞ்ஞானிகள் வந்து பார்த்தால், சாலையில் ஓடி ஓடி விழுந்த சாதாரணக் குழிகள்! பழைய கார்ல அதிகம், புதுக் கார்ல கம்மி. அதுவரை கண்ணாடி வழியாகப் பார்த்துக்கிட்டிருந்தவங்க, முதல் முறையா கண்ணாடியைப் பார்த்திருக்காங்க, அவ்வளவுதான் :-) ஓரிரு நாளில் புகார்கள் நின்னுபோச்சு. மெடாலியா, லார்சன்னு ரெண்டு சமூகவியலாளர்கள் 1958ல் இதை ஆராய்ச்சிக் கட்டுரையாகவே எழுதினார்கள்.

சிரிக்கலாம். ஆனா எந்த அடி ஆபத்து, எது வெறும் வயசுத் தழும்புன்னு பிரிச்சுச் சொல்ல ஜனங்களுக்கு அன்னிக்கு அளவுகோல் ஏதும் கையில் இல்லை. சரி பண்ண வழியும் இல்லை. மாத்தணும், இல்லேன்னா அப்படியே ஓட்டணும்.

1960களின் நடுவில் அமெரிக்காவில் நடுத்தோலின் தடிமனை ரெண்டு மடங்காக்கி 0.76 மில்லிமீட்டர் ஆக்கினார்கள். அதுக்கு முன்னாடி மோதின வேகத்தில் தலை கண்ணாடியைக் கிழிச்சுக்கிட்டு வெளியே போயிடும். கழுத்தில் மாலை மாதிரி கண்ணாடி, நினைச்சாலே பகீர்ங்குது. கண்ணாடியின் வேலை மாறிப்போச்சு பாருங்க. முதலில் காத்தைத் தடுக்க. அப்புறம் சிதறாமல் இருக்க. இப்போ ஆளை உள்ளேயே பிடிச்சு வைக்க.

ஒட்டுற வித்தை வந்தது 1970களின் தொடக்கத்தில். மினசோட்டாவில் ஃபிராங்க் வெர்னர் என்ற விஞ்ஞானி கண்டுபிடிச்ச முறையை வெச்சு 1972ல் நோவஸ் என்ற கம்பெனி கிளம்பியது. சூட்சுமம் இதுதான்: சின்னக் கல்லடியில் உடைவது வெளிக் கண்ணாடி மட்டும். நடுத்தோலும் உள் கண்ணாடியும் நல்லாத்தான் இருக்கும். வெள்ளையாகத் தெரியுதே, அது விரிசலுக்குள் மாட்டிக்கிட்ட காத்து. அந்தக் காத்தை உறிஞ்சி எடுத்துட்டு, கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரியே ஒளியை வளைக்கிற பிசினை உள்ளே செலுத்தணும். அப்புறம் புற ஊதா ஒளியில் இறுக வைக்கணும். விரிசல் மேலே ஓடாது. தழும்பு கொஞ்சம் மிஞ்சும்.

நம்ம ஊர்ல ரொம்ப நாள் இதுக்கு இடமே இல்லை. பழைய பஸ், லாரி, கார்களில் இருந்தது டஃபன்டு கண்ணாடி. மேல்தோல் அழுத்தத்திலும் உள்பக்கம் இழுவிசையிலும் இருக்கிற ரகம். ஒரு இடத்தில் உடைஞ்சா மொத்தமும் கற்கண்டு மாதிரி பொலபொலன்னு கொட்டிடும். எதை ஒட்டுறது? 1989ம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகளில் 1993ல் திருத்தம் செய்து, மூணு வருஷ அவகாசமும் கொடுத்த பிறகுதான் முன்கண்ணாடி லேமினேட்டடாக இருக்கணும் என்பது கட்டாயமாச்சு. அதாவது "ஒட்டலாமா"ன்னு நாம கேட்க ஆரம்பிச்சதே சமீபத்தில்தான்.

சரி, எவ்வளவு பெரிய அடி வரைக்கும் ஒட்டலாம்? பிரிட்டன் 1998ல் ஒரு தர அளவு போட்டது. ஸ்டியரிங்குக்கு நேரே 290 மில்லிமீட்டர் அகலப் பட்டையில் 10 மில்லிமீட்டருக்கு மேல் அடிபட்டிருந்தால் ஒட்டக்கூடாது. ஓட்டுபவர் பார்வையை விட்டு விலக விலக 15, 25, 40 மில்லிமீட்டர் வரை தளர்த்தலாம். அமெரிக்காவில் 2007ல் வந்த தர அளவோ 14 அங்குல நீள விரிசலைக்கூட ஒட்டலாம்கிறது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கம்மி! கண்ணாடி ஒண்ணுதான், கல்லும் ஒண்ணுதான். அமெரிக்க அளவை எழுதினதில் ஒட்டுற தொழில்காரங்க கை பெருசு. அங்கே பல இன்சூரன்ஸ் கம்பெனிகளும் ஒட்டினால் நம்ம பங்குப் பணத்தைக் கேட்பதில்லை, மாத்துறதை விட அவங்களுக்கு அது லாபம். மாத்துற கடைக்காரருக்கோ நேர் எதிர் லாபம். என் ஓட்டு, ஓட்டுபவர் கண்ணுக்கு நேரே மட்டுமாவது, பிரிட்டன்காரனுக்குத்தான். ராத்திரி எதிர்வண்டி லைட் அடிக்கும்போது அந்த மிச்சத் தழும்பு கண்ணைக் கூச வைக்கும்.

அளவை விட இடம் முக்கியம். ஓரத்தைத் தொடுற விரிசலை நம்பவே கூடாது. கண்ணாடியின் ஓரத்தில்தான் இழுவிசை அதிகம். இன்னொரு காரணமும் இருக்கு. முன்னெல்லாம் ரப்பர் பீடிங்கில் செருகி வெச்சிருந்த கண்ணாடியை இப்போ யூரித்தேன் பசை போட்டு பாடியோடு ஒட்டிடுறாங்க. பக்கத்து சீட் ஏர்பேக் விரியும்போது பல கார்களில் முன்கண்ணாடியில் சாய்ஞ்சுதான் நிற்கும். ஓரம் பலவீனமானால் அந்த முட்டுக்கட்டையே போச்சு. அதேபோல அடி உள் கண்ணாடி வரை போயிருந்தாலும், நடுத்தோல் கிழிஞ்சிருந்தாலும் பேச்சே இல்லை, மாத்தியாகணும். புதுசாப் போட்ட பசை காயுற வரைக்கும் வண்டியை எடுக்கவும் கூடாது.

புதுக் கார்களில் ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு கேமரா உட்கார்ந்து ரோட்டைப் பார்க்குது. அது பார்க்கிற இடத்தில் அடிபட்டால் ஒட்டுவது உசிதமில்லை. மாத்தினாலோ கேமராவுக்கு மறுபடி அளவு சரிபார்க்கணும், அதுக்குத் தனி பில்.

எதுவானாலும், அடிபட்ட அன்னிக்கே அதன் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிடுங்க, பார்வையை மறைக்காத மாதிரி. தூசியும் தண்ணியும் உள்ளே போயிட்டா பிசின் பிடிக்காது. வெயிலில் கொதிக்கிற கண்ணாடி மேல ஏசியை முழுசாத் திருப்பாதீங்க. காலையில் பொட்டு அளவு இருந்தது சாயங்காலம் பார்த்தா ஓரம் வரைக்கும் ஓடியிருக்கும்.